பண்ணையார் இளைத்த கதை

மாப்ள,

இன்றைக்குக் காலையில் ஓர் அம்மா தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். லாப்ரடார். வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டது. எடையைக் குறைக்காவிட்டால் இடுப்பு போய்விடும் என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் அவர் கைப்பையிலிருந்து அவித்த முட்டை வாசனை வந்தது. நாய் எழுந்து நின்றுவிட்டது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டா வலிக்கும்ல சார், பாவம், அதுக்குத்தான் ஒண்ணே ஒண்ணு" என்றார். வழக்கமாக நான் கத்துகிற இடம் இது. கத்தவில்லை. மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே குழாயடியில் போய் முகத்தைக் கழுவினேன்.

உன் நினைப்பு எனக்கு இப்படித்தான் வருகிறது. கடையில் மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்தால் வருவதில்லை. அதில் நீ சட்டையை இன் பண்ணிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி இருக்கிறாய். எனக்குத் தெரிந்த நீ, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தக்காளிக் கூடையைத் தலையில் வைத்தபடியே என் மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்தவன்.

அன்றைக்கும் முட்டை வாசனைதான் முதலில் வந்தது. ஒத்தக்கடையில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறவன், மதுரையைக் குறுக்கே தாண்டி வாடிப்பட்டி வரைக்கும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாயே, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போனேன். நீ கூடையை மேசையில் வைத்துச் சாக்கை விலக்கினாய். "மாப்ள, மொதல்ல பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு" என்றாய்.

உள்ளே ஓர் உடும்பு. நான் அதுவரை அப்படி ஒரு உடும்பைப் பார்த்ததில்லை. கழுத்து எது, வால் தொடங்குகிற இடம் எது என்று தெரியவில்லை. வயிறு இரண்டு பக்கமும் வழிந்து கிடந்தது. நடக்காமல் சிமெண்டுத் தரையிலேயே கிடந்ததால் நகமெல்லாம் தேய வழியில்லாமல் வளைந்து வளர்ந்திருந்தது. உடும்புப் பிடி என்று ஊரே சொல்கிறது. அதன் முன்னங்காலில் என் விரலைக் கொடுத்துப் பார்த்தேன், பிடிக்கவே இல்லை. "பேரு பண்ணையார்" என்றாய். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு திட்டினேன்.

திட்டியதெல்லாம் சரிதான். உடும்பை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், கேஸ் ஆனால் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் நீ அதை வாங்கியது வளர்ப்பதற்காக இல்லை. கறிக்கு என்று ஒருவன் காலைக் கட்டிச் சாக்கில் போட்டு உன் கடைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தான். நீ அவனை விரட்டிவிட்டுச் சாக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டாய். கட்டிய கால் புண்ணாகி, எலும்பும் தோலுமாக இருந்ததாம். புண் ஆறட்டும், விட்டுவிடலாம் என்று மாவு மூட்டை அறையில் வைத்தாய். புண் ஆறியது. அந்த அறையில்தான் கடைப் பையன்கள் எல்லோரும் வேலை முடிந்து சாப்பிடுவார்கள். அது மூலையிலிருந்து நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும். ஒரு உயிரைப் பார்க்க வைத்துக்கொண்டு தின்றால் வயிறு வலிக்கும் என்று நம் ஊரில் எந்த அம்மா சொல்லாமல் இருந்திருக்கிறாள்? ஆளுக்கு ஒரு துண்டு ஆம்லெட், ஆளுக்கு ஒரு துண்டு ஈரல். பண்ணையார் பண்ணையார் ஆன வரலாறு இதுதான்.

"ஒரு வாரமா அசையவே மாட்டேங்குது மாப்ள. என்னையப் பாத்தா தலையைத் தூக்கும், இப்ப அதுவும் இல்ல" என்றபோது உன் குரல் இறங்கிவிட்டது. அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாக வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். நீ வழியெல்லாம் கேஸ் போடுவார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாய். ரேஞ்சர் நல்ல மனிதர். முதலில் காய்ச்சி எடுத்தார், பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இத இப்படியே காட்டுல விட்டா நாய்க்குத்தான் தீனி. ஓடவும் முடியாது, வளை தோண்டவும் முடியாது" என்றார். ஐப்பசி மழைக்குப் பூச்சியும் நத்தையும் கிளம்பும். அதற்குள் தேறினால் மலையடிவாரத்தில் விடலாம், தேறாவிட்டால் ஏதாவது ஒரு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்புவோம், ஆயுசு முழுக்கக் கூண்டுதான் என்று முடித்தார். அதுவரை வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் வனத்துறை நாற்றுப் பண்ணையில், வலை அடித்த ஒரு கொட்டகையில் வைத்து நான் வைத்தியம் பார்ப்பது என்று ஏற்பாடு. நீ கையைக் கட்டிக்கொண்டு, "சார், நான் வந்து பாத்துக்கலாமா?" என்று கேட்டாய். கடை சாயங்காலம்தானே திறக்கும், காலையில் வருகிறேன் என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்த முதல் மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முட்டையையும் ஈரலையும் நிறுத்தினேன். தீனிக்கு நாள் குறித்துக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டி வைத்தோம். வெயில் விழுகிற மாதிரி கொட்டகைக் கூரையைப் பாதி பிரித்தோம். உன் கடையில் மாவு நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து, பையில் போட்டுத் தொங்கவிட்டு நிறுத்தால், முள் இறங்கவே இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பினேன். வேறு ஏதோ நோய் என்று புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு நாள் கொட்டகையைக் கூட்டும்போது அதன் எச்சத்தைக் கிளறிப் பார்த்தேன். உள்ளே முழுசாக ஒரு கறிவேப்பிலை.

உலகத்தில் எந்த உடும்பு தாளித்துச் சாப்பிடுகிறது மாப்ள? உன்னையும் பண்ணை வாட்ச்மேனையும் அவர் சம்சாரத்தையும் வரிசையாக நிறுத்திக் கேட்டேன். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். அந்த அக்கா, "நான் என்னத்தக் குடுத்தேன், முட்டக் கொழம்புல ஒரு பாதி" என்றார். அவர் கொடுப்பது புருஷனுக்குத் தெரியாது, புருஷன் கொடுப்பது அவருக்குத் தெரியாது, நீ டிபன் பாக்ஸிலிருந்து கொடுப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. மூன்று பேருக்கும் வயிற்று வலி வந்துவிடக் கூடாது என்று அது மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறது.

"அது நாக்க நீட்டிக்கிட்டே பாக்குதுடா, எனக்கு எப்புடி எறங்கும்?" என்று நீ கேட்டாய்.

"அது நாக்க நீட்டுறது மோப்பம் பிடிக்கடா, மடையா. அதுக்கு மூக்கு வேல பாக்குறதே நாக்குதான். பசின்னு யார் சொன்னா?"

நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "அப்ப இம்புட்டு நாளும் அது கேக்கவே இல்லையா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். பிறகு அதன் ஈரலில் கொழுப்பு ஏறிக் கிடப்பதையும், இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் செத்துவிடும் என்பதையும் சொன்னேன். நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் மாட்டினாய். அதற்குப் பிறகு அந்த வேலிக்குள் யாரும் சாப்பிடவில்லை. நீ காலைச் சாப்பாட்டையே ஒத்தக்கடை திரும்பிப் போய்த்தான் சாப்பிட்டாய். வாட்ச்மேன் தம்பதி டீ குடிக்கக்கூட ரோட்டுப் பக்கம் போனார்கள். அந்த அக்கா என்னைப் பார்க்கிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது வேறு கதை.

அதன் பிறகு நீ செய்ததைச் சொன்னால் ஒத்தக்கடையில் யாரும் நம்ப மாட்டார்கள். நத்தையும் வயல் நண்டும் வெட்டுக்கிளியும் வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நீ பெரியாறு வாய்க்கால் வரப்பில் கைலியை மடித்துக் கட்டி வெட்டுக்கிளி துரத்தினாய். நாற்று நட வந்த பெண்கள், "அண்ணே, அந்தா போகுது, அந்தா போகுது" என்று கைதட்டினார்கள். உன் சர்க்கரை நோய்க்கு நட, நட என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டபோது நடக்காதவன், பண்ணையாருக்காக நடந்தாய். நண்டை மணல் மேட்டில் புதைத்து வைத்தோம், தோண்டி எடுக்கட்டும் என்று. முதலில் பண்ணையார் மணலைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நீ பொறுத்தாய். ஒரு நாள் ஒற்றைக் காலால் மணலை ஒரு தள்ளு தள்ளியதைப் பார்த்துவிட்டு, நான் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் போட்டுக் கத்தினாய். வேப்பங்கட்டையை நட்டு உச்சியில் தீனியைக் கட்டினோம். ஆவணி முடிவதற்குள் அது கட்டையில் பாதி ஏறியது. அன்றைக்கு வலது முன்னங்கால் நகத்தை மரத்தில் ஊன்றியிருந்ததை நான் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. "இப்பத்தான்டா உடும்பு" என்றேன். நீ ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாய். பிறகு விலகிப்போய்த் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினாய். அது தேறினால் உன்னை விட்டுப் போய்விடும் என்பது உனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

அதைவிடக் கஷ்டமானதை நான் அடுத்ததாகச் சொன்னேன். இனி அதனோடு பேசாதே, முகத்தைக் காட்டாதே, தீனியைக் குழாய் வழியாகத் தள்ளிவிட்டு வந்துவிடு. மனிதனைக் கண்டால் அது ஓட வேண்டும். மனிதனைக் கண்டு கிட்டே வருகிற உடும்பு சாக்குக்குள்தான் போகும், ஒருமுறை போய் வந்தது போதாதா என்றேன். நீ வாய் ஓயாமல் அதனோடு பேசுகிறவன். கடைக் கணக்கு, புரோட்டா மாஸ்டரின் குடி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் சம்சாரத்தோடு சண்டை, எல்லாம் அதற்குத் தெரியும். அன்றிலிருந்து ஊமையாகக் குழாயில் தள்ளினாய். புரட்டாசியில் ஒரு காலை, குழாயருகே உன் நிழல் விழுந்ததும் அது சீறிவிட்டு, தானே தோண்டிய வளைக்குள் பாய்ந்துவிட்டது. நான் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நீ திரும்பி நடந்து வந்து, "வேல முடிஞ்சிருச்சு மாப்ள" என்று சொல்லிவிட்டு அழுதாய். நான் உன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நமக்குள் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு விட்டோம். மலையடிவாரம் வரை ஜீப் போனது. உன் வாசனை அதற்குத் தெரியும், காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது, நீ ஜீப்புக்குப் பின்னால் நில் என்று ரேஞ்சர் சொல்லிவிட்டார். இவ்வளவும் செய்தவன் அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். பை வாயை அவிழ்த்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. நாக்கை நீட்டிக் காற்றைத் தடவியது. பிறகு வயிறு தரையில் படாமல் நான்கு காலையும் ஊன்றி எழுந்து, கள்ளிப் புதரைத் தாண்டிப் பாறை இடுக்கில் போய்விட்டது.

"போயிருச்சா?"

"போயிருச்சுடா."

"திரும்பிப் பாத்துச்சா?"

பார்த்தது என்று சொல்லியிருக்கலாம். நீ சந்தோஷப்பட்டிருப்பாய். ஆனால் உன்னிடம் எனக்குப் பொய் வராது. "இல்லடா, பாக்கல" என்றேன்.

நீ ஜீப்பின் மறுபக்கத்திலிருந்து, "அப்ப சரி" என்றாய்.

அடுத்த ஆடியில் நீ போனாய். அதற்குள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தாய், சர்க்கரை இறங்கியிருந்தது. உடம்பைக் கவனிக்காமல் போய்விட்டான் என்று துட்டி கேட்க வந்தவர்கள் பேசியபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. கவனித்தாய் மாப்ள. கவனித்தும் போய்விட்டாய். சாயங்காலம் கடை திறக்கிற நேரம், வெங்காயம் பொடியாக நறுக்கவில்லை என்று மாஸ்டரைக் கிண்டல் செய்துகொண்டே மாவு மூட்டைமேல் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டாய். நான் மதுரையைத் தாண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தங்கச்சிக்கு ஒரே ஒரு கேள்விதான். நான் கடைக்குப் போகிறபோதெல்லாம் கேட்பாள். "நான் கடைக்கு மேல மாடி வீட்டுலதான இருந்தேன் அண்ணே. ஒரு தடவையாச்சும் மேல பாத்தாரான்னு மாஸ்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க. எங்கிட்ட அவரு உண்மையச் சொல்ல மாட்டேங்குறாரு." நான் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நீ சிரித்துக்கொண்டே இருந்தாயாம், அவ்வளவுதானாம்.

போன மாதம் அவளிடம் சொன்னேன். "இல்லம்மா. பாக்கல."

அவள் அழவில்லை. மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "பாக்காமயே போயிட்டாரே, இத நான் எப்புடி அண்ணே எடுத்துக்கிறது?" என்று கேட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ ஜீப்புக்குப் பின்னால் நின்று சொன்ன "அப்ப சரி"தான். அந்த இரண்டு சொல்லுக்கு வந்து சேர நீ எத்தனை மாதம் பட்டாய் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். வாயைத் திறந்தேன். எனக்கு இன்னும் வரவில்லை மாப்ள.