வீட்டுக் கோடாரி

அன்புள்ள அப்பாவுக்கு, ஷியூலானின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். செருப்புத் தொழிற்சாலையின் பசை நாற்றம்கூடப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு மாப்பிள்ளையை விடுதி வாசலுக்கே கூட்டி வந்தாள். அவர் என் பெயரைக் கூடக் கேட்கவில்லை. "நீங்க பொறந்தப்ப உங்கப்பா மலையில நட்ட மரமெல்லாம் இப்ப எவ்வளவு பருமன்?" என்றார்.

"போய்ப் பாருங்க. பிடிச்சிருந்தா அதோடயே குடும்பம் நடத்துங்க" என்றேன்.

அத்தை பொரிந்தாள். "பதினெட்டு வயசுல வெட்டிச் சீர் செய்யவேண்டிய மரம்டி. உனக்கு இருபத்திநாலு ஆச்சு. அடுத்த மாசம் வெட்ட உங்கப்பா ஆள் சொல்லிட்டாரு."

அப்பா, வெட்டக் கூடாது. என் வயதுப் பெண்களின் மரங்களெல்லாம் கல்யாணத்தோடு கட்டைகளாகி ஆற்றில் போய்விட்டன. ஆற்றைப் பார்த்த அந்தச் சரிவில் இன்னும் காடாக நிற்பது என் பங்கு மட்டும்தான். எனக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நிற்கும். என் பேரில் நட்டதை நான்தான் தீர்மானிப்பேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழி மெய்ஃபங் திரும்பும்போது அவளிடம் அம்மா போட்ட புளித்த மீன் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். என் மரத்தில் ஒரு கிளை ஒடித்து அதன்மேல் வையுங்கள், வாசனைக்கு. கூடவே நம் வீட்டுக் கோடாரியையும். என் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

சங்கு ஊதிவிட்டது, போகிறேன். முதல் வெட்டு பெற்றவர் வீட்டுக் கோடாரியால்தான் விழவேண்டும், இரவல் செல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்வது நீங்கள்தானே?

உங்கள் மகள்
ஷியூலான்