கொடுத்தவள் கையெழுத்து

திருவரங்குளம்
20 ஜனவரி 2025

அன்புள்ள தங்கை வள்ளிக்கண்ணுவுக்கு,

அக்கா அழகி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று முகத்தைச் சுளிக்காதே. தமிழ்ச்செல்வன் கல்யாணத்தன்று கோபித்துக்கொண்டு போனவள், மூன்று வருஷமாக என் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் இருமலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். தபால்காரரிடம் அந்த வேலை நடக்காது. கவரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று கரும்பு வாங்கி வைத்தேன். நீயும் வரவில்லை, எனக்குக் கடிக்கப் பல்லும் இல்லை. கடைசியில் ஆடு தின்றது.

என் இதயம் வீங்கியிருக்கிறது என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்கிறார். ஆபரேஷன் தாங்காதாம், மாத்திரையில் ஓடும் வரை ஓடட்டும் என்றார். நான் பயப்படவில்லை. சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு, சாவி முதல் கரண்டி வரை ஒப்படைத்துவிட்டு வந்தவள் நான். வீட்டை மட்டும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவேனா?

உன் மச்சான் போனபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். பேங்க் புத்தகம் உளுந்து டின்னுக்குள் கிடந்தது. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அந்த அலைச்சல் தமிழ்ச்செல்வனுக்கு வரக்கூடாது. சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவில் வருகிறவன் அழுவானா, இல்லை டின் டின்னாகத் திறந்து பார்ப்பானா? அதனால் ஒரு பெரிய ஃபைல் வாங்கி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். நிலப் பத்திரம், வீட்டு வரி ரசீது, என் மாமனார் பேரிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கரண்ட் கார்டு, சொசைட்டியில் நகை வைத்த சீட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. என் போன் பூட்டைத் திறக்கிற எண்ணைக்கூட எழுதி வைத்துவிட்டேன். அவன் பிறந்த நாள்தான், ஜூன் ஒன்று.

ஒன்று மட்டும்தான் அடுக்க வரவில்லை. அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். பத்திரம் எழுதுகிற நாகராசுவிடம் போயிருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டார்:

"பையன் ஒங்க வயித்துப் புள்ளையாம்மா?"

"வளத்த புள்ளப்பா. எந் தங்கச்சி பெத்தது. கைக்கொழந்தையா இருக்கையில தூக்கிட்டு வந்தேன்."

"தத்து எடுத்ததுக்குப் பத்திரம் இருக்கா?"

"அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சது ஒங்க கொழுந்தனாருக்குத் தெரியாமப் போயிரும்மா. எங்க அண்ணனுக்குப் புள்ளையே கெடையாது, இவன் யாருன்னு மனு குடுத்துருவாரு."

கொழுந்தன் ராக்கன் ஏற்கனவே அங்கே இங்கே விசாரிப்பதாகத்தான் கேள்வி. நாகராசு இரண்டு வழி சொன்னார். ஒன்று, 'என் தங்கை மகனுக்கு' என்று உயில் எழுதுவது. அதற்கு என் கையெழுத்தும் சாட்சிகளும் போதும். இன்னொன்று தத்துப் பத்திரம். அன்றைக்குக் கொடுத்தேன் என்று பெற்றவளும், எடுத்துக்கொண்டேன் என்று வளர்த்தவளும் ஒன்றாகப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டதால் நம் கையெழுத்தே போதும் என்கிறார். உன்னிடம் இருக்கிற அவன் பிறப்புச் சான்றிதழும் வேண்டுமாம்.

எனக்கு இரண்டாவது வழிதான் வேண்டும் வள்ளி. உயில் எழுதினால் சொத்து அவனுக்குப் போய்ச் சேரும். ஆனால் காகிதத்தில் நான் அவனுக்குப் பெரியம்மாவாகத்தான் செத்துப்போவேன்.

தமிழிடம் போனில் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா. நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டான்.

உன் அக்கா,
அழகி


கீரனூர்
29 ஜனவரி 2025

உயர்திரு அழகி அவர்களுக்கு,

உங்களோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த 'உங்களோடு' எல்லாம் எனக்கு வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். இதயம் வீங்கியிருக்கிறது என்பதைக் கரும்புக்கும் ஆட்டுக்கும் பிறகுதான் எழுதுவாயா? படித்துவிட்டுத் தையல் மிஷினில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்துக்கொண்டிருக்கிறேன். உப்பைக் குறை. கருவாட்டைத் தொடாதே. நீ தொடுவாய், எனக்குத் தெரியும்.

இப்போது பத்திர விஷயம். கொடுத்தேன் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நான் எப்போது கொடுத்தேன்? மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தேன். "ஒடம்பு தேறட்டும், அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்று தூக்கிக்கொண்டு போனாய். தேறி வந்து கேட்டேன். "இப்பத்தான் எங்கிட்ட அண்டியிருக்கான், அடுத்த மாசம் வா" என்றாய். அடுத்த மாதம் வந்தேன், காதுகுத்துப் பத்திரிகையை நீட்டினாய். பெற்றோர் மலையாண்டி, அழகி என்று அச்சடித்திருந்தது. பந்தல் போட்ட வீட்டில் சண்டை போட முடியுமா? "ஒனக்குத்தான் பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்குல்ல" என்று வந்தவர்கள் எல்லாம் எனக்குப் புத்தி சொன்னார்கள். உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

கல்யாணத்தில் போட்டோக்காரர், "மாப்பிள்ளையோட அம்மா வாங்க" என்றார். எனக்கே தெரியாமல் என் கால் முன்னே போய்விட்டது. உன் காலும் வந்தது. நம்மில் ஒருத்தி பின்னால் போக வேண்டும் என்றால் அது எப்போதும் நான்தான். நீ திரும்பி "நீயும் வாடி" என்று சொல்லியிருந்தால், நான் சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்க மாட்டேன். நீ கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறப்புச் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. இந்த உலகத்தில் அந்த ஒரு தாளில் மட்டும்தான் நான் அவனுக்கு அம்மா. இப்போது அதையும் கேட்கிறாய்.

இன்னொன்று. அவன் ஜூன் ஒன்றில் பிறக்கவில்லை. அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. அவன் பிறந்தது ஆகஸ்ட் மூன்று, ஆடிப் பெருக்கு அன்று. வீட்டில் எல்லோரும் சித்திரான்னம் கட்டிக்கொண்டிருந்தார்கள், நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உயிலே எழுது. தங்கை மகன் என்று எழுது. அதுதானே உண்மை.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


திருவரங்குளம்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஜன்னி கண்டு அவன் கண் செருகியபோது மழையில் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? முதல் தடவை சிங்கப்பூர் போனபோது திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே விடமாட்டேன் என்றார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் தலை மறைகிற வரைக்கும் பார்த்தது யார்? இதையெல்லாம் எழுதி ஒரு கடிதத்தை மடித்தும் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். ஏதோ பாக்கி கேட்டு எழுதியது போல இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆடிப் பெருக்கு எனக்கும் நினைவிருந்தது. ஹெட்மாஸ்டர் கேட்டபோது சரியான தேதி வாயில் வரவில்லை. உன்னைக் கேட்டிருக்கலாம். உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அவர் போட்டதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் ராக்கன் வந்தார். "அண்ணி, ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலைக் கிணற்றடியிலும் முந்திரிக் கொல்லையிலும் தேடிக்கொண்டு நின்றார். காபி கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதனால் இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று நாகராசுவிடம் உயிலையே எழுதச் சொல்லிவிட்டேன். 'என் தங்கை வள்ளிக்கண்ணு பெற்ற மகன்' என்று போடச் சொன்னேன். வாசித்துக் காட்டினார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வருகிற 27, வியாழக்கிழமை புதுக்கோட்டைப் பதிவு அலுவலகத்தில் காலையில் பதிகிறோம்.

சான்றிதழை அனுப்பாதே. அது உன்னிடமே இருக்கட்டும். கருவாடு ஒரே ஒரு நாள்தான் தொட்டேன்.

உன் அக்கா,
அழகி


கீரனூர்
21 பிப்ரவரி 2025

அக்கா,

வியாழக்கிழமை நான் வருகிறேன். நாகராசுவிடம் உயிலை ஓரமாக வைத்துவிட்டுத் தத்துப் பத்திரம் எழுதச் சொல். சான்றிதழைக் கையோடு கொண்டுவருகிறேன்.

உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. ராத்திரி பகலாக எனக்கு ஒரே யோசனை. நீ இல்லாதபோது, உயில் இருந்தும் ராக்கன் மனு கொடுத்தால், யாரோ ஒரு அதிகாரி தமிழைக் கூப்பிட்டு, "நீ யாருப்பா?" என்று கேட்பார். அவ்வளவு பெரிய பிள்ளை தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று, தான் யார் வீட்டுப் பிள்ளை என்று சாட்சி தேட வேண்டும். உன் பேரைச் சொன்னால் தாள் இல்லை. என் பேரைச் சொல்ல அவனுக்கே நா எழாது. நினைத்துப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளுக்கு இவ்வளவாவது இருக்காதா?

ஆனால் உன்னோடு பேசமாட்டேன். சொன்னது சொன்னதுதான். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் அழுது ஊரைக் கூட்டாதே.

வள்ளிக்கண்ணு


திருவரங்குளம்
1 மார்ச் 2025

என் வள்ளிக்கு,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நானும் சேர்ந்தேன். பேசாதே என்று உனக்கு நீயே வைத்துக்கொண்ட கட்டளையை அப்படியே காப்பாற்றிவிட்டாய். ஒரே பெஞ்சில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாய், தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினாய், வாய் மட்டும் திறக்கவில்லை. எதிரில் இருந்த அம்மாள், "ரெண்டு பேருக்கும் சொத்துத் தகராறா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆனால் சார்பதிவாளர் உன்னைக் கேட்டாரே, "நீங்களே மனசாரக் குடுத்தீங்களாம்மா?" என்று. நீ அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க. நாந்தான் குடுத்தேன்" என்றாய். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் குரலைப் பக்கத்தில் கேட்கிறேன், அது இந்த வார்த்தையாக இருக்கிறது. எனக்காகச் சர்க்கார் ஆபீசில் பொய் சொல்லிக் கைரேகையும் வைத்துவிட்டாய் வள்ளி. பஸ் ஏறும்போது என் பையில் கொய்யாப்பழத்தைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் அழத்தான் செய்தேன். ஊர் ஒன்றும் கூடவில்லை.

ஃபைல் இப்போது முடிந்தது. பத்திரம் உள்ளே போய்விட்டது. சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு அசலை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. ஃபைலைத் திறந்ததும் தமிழ் பார்க்கிற மாதிரி மேலே ஒரு தாள் வைத்திருக்கிறேன். எது எங்கே இருக்கிறது, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதன் முதல் வரியை நேற்று மாற்றி எழுதினேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும்:

'தமிழு, நான் போனதும் முதலில் கீரனூருக்குப் போன் பண்ணு. இனிமேல் வள்ளிக்கண்ணுவைச் சித்தி என்று கூப்பிடாதே. அம்மா என்று கூப்பிடு.'

போன் பூட்டு எண்ணையும் மாற்றிவிட்டேன். ஆகஸ்ட் மூன்று. கை இன்னும் பழைய எண்ணையே தட்டுகிறது. பழகிவிடும்.

என் போனைத்தான் எடுக்கமாட்டாய். அன்றைக்கு அவன் கூப்பிடும்போதாவது எடு.

உன் அக்கா,
அழகி


கீரனூர்
7 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. பீரோவில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நான் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பொய் இல்லை அக்கா. அன்றைக்கு, அந்தக் காமாலையில், நான் கொடுக்கவில்லை. அது நிஜம்தான். இத்தனை வருஷமும் கொடுக்கவில்லை. போன வாரம் வியாழக்கிழமை அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது கொடுத்தேன். என்னை யாரும் படுக்கையில் போட்டு வாங்கவில்லை, பந்தல் போட்டு வாயை அடைக்கவில்லை. நல்ல உடம்போடு பஸ் ஏறி வந்து, நானாகக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பினார்.

அந்த முதல் வரியை மட்டும் அடித்துவிடு.

அந்தப் பேருக்கு நான் ஏங்கவில்லை என்று சொன்னால்தான் பொய். ஆனால் நீ போனால்தான் அது எனக்குக் கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம். அவன் போன் மணி அடிக்கிற போதெல்லாம், அம்மா என்று சொல்லப்போகிறானோ, உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டுமா? இத்தனை நாள் சித்தியாக இருந்தவள், இன்னும் எத்தனை நாளானாலும் சித்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ இருந்தால் போதும்.

அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுது. கேஸ் புத்தகம் எங்கே என்று எழுது.

நாளை மறுநாள் இல்லை, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. அன்று தையல் கடை லீவு, காலையிலிருந்து வீட்டில்தான் இருப்பேன். மாத்திரை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக போன் பண்ணு. பக்கத்து வீட்டுப் போன் வேண்டாம், உன் போனிலிருந்தே பண்ணு. இருமல் வந்தால் இருமி முடித்துவிட்டுப் பேசு.

எடுக்கிறேன்.

உன் தங்கை,
வள்ளி