ஷட்டர் பெட்டியின் சாவி

செப்டம்பர் 28, ஞாயிறு

ரிமோட்டுக்கு இன்று பேட்டரி மாற்றினேன். ஒரு வாரமாக அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஷட்டர் அதன் இஷ்டத்துக்குத்தான் எழுந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது. மரக்காணத்துக் காற்று எதைத்தான் விட்டது? ஜன்னல் கம்பி, கதவுக் கீல், என் ஸ்கூட்டியின் சைலன்சர் எல்லாவற்றையும் தின்றுவிட்டு இப்போது ரிமோட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. பென்சில் ரப்பரால் தேய்த்து, புது பேட்டரி போட்டு, கீழே போய் அமுக்கினேன். ஒரே அமுக்கில் சரசரவென்று ஏறியது. அவர் இருந்திருந்தால் "பரவால்லியே, மெக்கானிக் ஆயிட்டியே" என்று சிரித்திருப்பார்.

அவர் போட்ட ஷட்டர் இது. உப்பு மூட்டை ஏற்றும் குட்டி யானை வண்டியை வெயிலிலும் காற்றிலும் விட்டால் துருவாக உதிர்கிறது என்று வீட்டின் முன்பக்கத்தை ஷெட்டாக்கி மோட்டார் வைத்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. வண்டியை இப்போது கொழுந்தன் தேவநாதன் ஓட்டுகிறான். கீழ்வீட்டில் அவன், அவன் பெண்டாட்டி ஜெயப்ரியா, மாமியார். மாடியில் நான் மட்டும். பிள்ளை இல்லை. என் வேல்முருகன் என் கையில் விட்டுப் போனது இந்த ரிமோட்டும், மோட்டார் பெட்டியின் பூட்டுச் சாவியும்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலேயே வண்டிகளைக் கழுவிவிட்டார்கள். நானும் ஸ்கூட்டியைத் துடைத்து வரிசையில் நிறுத்தினேன். ஜெயப்ரியா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அத்தை உடனே, "அமுதா, நீ மேல இரும்மா. பொட்டு வெச்சி முடிச்சதும் கூப்பிடுறேன்" என்றார். குரலில் அப்படி ஒரு கரிசனம்!

மாடி கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி யானைக்குப் பொட்டு. பைக்குக்குப் பொட்டு. மிக்சி, கிரைண்டர், அரிவாள்மணை, தண்ணீர் மோட்டார், ஷட்டர் பெட்டி, ஷட்டர் தூண்கள். மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் வைத்தாள். என் ஸ்கூட்டிக்கு மட்டும் இல்லை. மறந்துவிட்டாளா, வைக்க வேண்டாம் என்று சொன்னார்களா? கேட்கவில்லை. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி, தெருவெல்லாம் பொரி கொடுத்து முடித்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

அரைக்கும் கல்லுக்குக்கூட இந்த வீட்டில் நெற்றி இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

ஷட்டர் மக்கர் பண்ணுகிறது. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து ஸ்கூட்டியை உள்ளே விட்டேன். மூட அமுக்கினால் பாதி இறங்கி, நின்று, திரும்ப மேலே போகிறது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். "நேத்துதான் பூஜை போட்டோம். இன்னிக்கே இவ கை வெச்சதும்..." மீதியை முழுங்கிக்கொண்டார். முழுங்கினால் எனக்குக் கேட்காதா? நேற்றிலிருந்து ஷட்டர் திறந்தே கிடந்தது. பூஜைக்குப் பிறகு ரிமோட்டை முதலில் அமுக்கியது நான். அதுதான் குற்றம்.

தேவநாதன் சங்கிலியைப் பிடித்து இழுத்து இறக்கினான். அதில் இறக்க மட்டும்தான் முடியும், ஏற்றும் பக்கம் துருப்பிடித்து இறுகிவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றும் அப்படியே. திறக்கிறது, மூடமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவநாதன் காலை முழுவதும் போனில் வீடியோ பார்த்தான். ஏதோ இந்தி வீடியோ. பிறகு மாடிக்கு வந்து, "அண்ணி, உங்க ரிமோட்டுதான் சிக்னல கொழப்புது. நீங்க பேட்டரி மாத்துனீங்கல்ல, அதுல இருந்துதான். ரிமோட்ட குடுங்க, அப்படியே பெட்டி சாவியும்" என்றான். கொடுத்தேன். மரமண்டை. சாவியை என் கையாலேயே எடுத்து நீட்டினேன்.

கூடவே போய் நின்றேன். பெட்டிக்குள் ஒரு சின்னப் பொத்தான், பக்கத்தில் ஒரு விளக்கு. பொத்தானை லேசாக அமுக்கினால் விளக்கு எரியும். அப்போது எந்த ரிமோட்டை அமுக்குகிறோமோ அது சேர்ந்துகொள்ளும். விடாமல் அமுக்கிப் பிடித்தால் விளக்கு அணைந்து, எல்லா ரிமோட்டும் அழிந்துபோகும். அவன் விடாமல் பிடித்தான். விளக்கு அணைந்தது. பிறகு தன் ரிமோட்டைச் சேர்த்தான். ஜெயப்ரியாவுடையதைச் சேர்த்தான். பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான்.

"என்னுது?" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணி, கொஞ்ச நாள் பார்க்கலாம். காலைல ஜெயா தொறந்து விடுவா."

அதன் பிறகு மூடிப் பார்த்தான். பாதி இறங்கி, திரும்ப மேலே போனது! "பழைய சிக்னல் உள்ள தங்கியிருக்கும். ரெண்டு நாள்ல போயிடும்" என்கிறான். நான் என்ன பேயா, உள்ளே தங்கியிருக்க? என் ரிமோட் இப்போது அவர்கள் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

உப்பு பாக்கெட் கம்பெனியில் லோடு ஏற்றும் நாள். சீக்கிரம் போக வேண்டும். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜெயப்ரியா குளிக்கிறாளாம். நின்றேன். பிறகு தலை துவட்டிக்கொண்டு வந்து, "சாரிக்கா" என்று ரிமோட்டை அமுக்கினாள். ஆபீஸில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் திரும்பி வந்தும் அதே கதை. என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். கூரியர்காரன் மாதிரி.

அக்டோபர் 9, வியாழன்

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அத்தை தன் தங்கை ராசம்மாளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்தப் பக்கம், "அமுதவல்லி எப்படி இருக்கா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"அவளுக்கு என்ன. ரிமோட்ட வாங்கி வெச்சிட்டான் பையன். நல்லதாப் போச்சு. அவளுக்கு எதுக்குடி ரிமோட்டு? போறதும் வர்றதும் கேட்டுட்டுப் போவட்டுமே."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆகக்கூடி சிக்னலும் இல்லை, கோளாறும் இல்லை. நான் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் கட்டிய வீட்டில், அவர் போட்ட கதவுக்குள். பத்தாம் நாள் வளையலை உடைத்தபோது வராத அழுகை இப்போது வந்தது. சீ!

அக்டோபர் 11, சனி

இனி யாரையும் கேட்கப் போவதில்லை என்று ஸ்கூட்டியை முந்தாநாளிலிருந்து வெளியே முருங்கை மரத்தடியில் நிறுத்துகிறேன். நேற்று மழை. இன்று பிரேக் கிறீச்சிடுகிறது.

கிளியனூரிலிருந்து தம்பி சரத்குமார் போன் செய்தான். "எதுக்கு அங்க கெடந்து மல்லுக்கட்டுற? வந்துடுக்கா, மேல் ரூம் சும்மாதான் இருக்குது." நல்ல பிள்ளை. ஆனால் அங்கே போனால் மட்டும்? அங்கே அவன் பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், வர வேண்டும். இங்கேயாவது செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினவள் நான். ஒரு ரிமோட்டைப் பிடுங்கினால் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றுதானே பார்க்கிறார்கள்? போகமாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஷட்டர் போட்டுக்கொடுத்த அந்தோணிராஜின் நம்பர் என் வீட்டுக்காரர் போனில் இருந்தது. திண்டிவனத்துக்காரர். கூப்பிட்டேன். தீபாவளி முடியும்வரை வர முடியாது என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எறங்கி வந்து திரும்ப மேல போவுதாக்கா? ரிமோட்டு என்ன பண்ணும் பாவம். ரெண்டு தூண்லயும் முட்டி ஒசரத்துக்கு சின்ன கண்ணாடி இருக்கும் பாருங்க, சென்சார். அத எதனா மறைச்சா ஷட்டர் எறங்காது. சிலந்தி கூடு கட்டியிருக்கும், தொடைச்சி விடுங்க."

அந்த சென்சாரை மறந்தே போனேன். அத்தைக்கு வெற்றிலை துப்ப வாசலில், சரியாக ஷட்டருக்கு அடியில் வந்து நிற்கும் பழக்கம். அம்மா மேல் இறங்கிவிடுமோ என்று பயந்து என் வீட்டுக்காரர் தனியாகச் சொல்லி வைத்தது.

அவர்கள் ஷட்டரைத் திறந்து போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். வலது தூண் கண்ணாடியில் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து, அச்சு பிசகாமல், அழகாக உட்கார்ந்திருந்தது. இடது தூணிலும் அதே.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

விரலைக் கொண்டுபோனவள் எடுத்துவிட்டேன். நான் துடைத்தால் என்ன ஆகும்? ஷட்டர் மூடும். "பார்த்தியா, அவ ரிமோட்ட எடுத்ததும் சரியாயிடுச்சு" என்பார்கள். துடைப்பதை யாராவது பார்த்தாலோ, தாலி அறுத்தவள் பூஜைப் பொட்டை அழித்தாள் என்று ஊர் முழுக்கப் பரவும். என் நெற்றியில் இருந்ததை எல்லோரும் சேர்ந்து அழித்தார்கள், அதற்கு ஒரு பேச்சும் இல்லை. இதை இவர்கள் கையாலேயே துடைக்கட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று பேரும் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே போனேன். "தம்பி, அந்தக் கண்ணாடிய கொஞ்சம் பாருங்க. அது மறைஞ்சா ஷட்டர் எறங்காதாம். அந்தோணிராஜ் சொன்னாரு."

குனிந்து பார்த்தான். நிமிர்ந்து ஜெயப்ரியாவைப் பார்த்தான். அவள் முகம் சுண்டிப்போனது. "கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அதுக்கும் ஒன்னு வெச்சேன்..." என்றாள். பாவம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் கைலி முனையை எச்சில் தொட்டுத் துடைத்தான். ரிமோட்டை அமுக்கினான். ஷட்டர் தரைவரை இறங்கியது.

நானே கேட்டேன், "என் ரிமோட்டு?"

"இப்பதான சரியாயிருக்குது, திரும்ப நோண்ட வேணாம். பார்க்கலாம் அண்ணி." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

அத்தை சும்மா இருப்பாரா? "நல்ல நாள்ல வெச்ச பொட்டு. தொடைக்க வெச்சிட்டா பாரு" என்றார்.

ஆக, கோளாறு கண்டுபிடித்ததும் என் தப்பு.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்குத் துணி எடுக்க அவனும் ஜெயப்ரியாவும் பைக்கில் பாண்டிச்சேரி போனார்கள். எனக்கு அரை நாள் லீவு. கீழே போனேன். அத்தை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபிரிட்ஜ் மேலிருந்த என் ரிமோட்டை எடுத்தேன்.

"என்னடி பண்ற?"

"என் ரிமோட்ட சேர்க்கப் போறேன் அத்தை."

"அவன் வந்துடட்டுமே."

"அவரு எதுக்கு? எனக்கே தெரியும்."

ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தேன். பொத்தானை லேசாக அமுக்கினால் போதும், என்னுடையது சேர்ந்துவிடும், அத்தோடு இறங்கிவிடலாம். விரலை வைத்தேன். "கேட்டுட்டுப் போவட்டுமே" என்பது காதிலேயே நின்றது. எடுக்கவில்லை விரலை. விளக்கு அணைந்தது. அழியட்டும். பிறகு லேசாக அமுக்கி என் ரிமோட்டை மட்டும் சேர்த்தேன். பெட்டியைப் பூட்டினேன். சாவியை வளையத்தில் கோத்து இடுப்பில் செருகினேன்.

பொழுது சாய வாசலில் பைக் நின்றது. அமுக்குகிறான், அமுக்குகிறான். அவளுடையதை வாங்கி அமுக்குகிறான். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி! ஷட்டர் தொறக்க மாட்டேங்குது!"

"பேட்டரிய மாத்திப் பாருங்க தம்பி."

காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போய்த் திறந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "பெட்டி சாவி குடுங்க அண்ணி" என்றான்.

"பார்க்கலாம் தம்பி."

அக்டோபர் 19, ஞாயிறு

கீழே சண்டை. அத்தை, "பூட்ட ஒடைச்சித் தள்ளுடா" என்று கத்தினார். தேவநாதன், "அண்ணன் போட்ட பூட்டும்மா" என்றான். அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தைக்காக இறங்கிப் போய்ச் சாவியைக் கொடுத்துவிடலாமா என்று கால் துடித்தது. கொடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஜெயப்ரியா அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

விடாத மழை. உப்பளத்திலெல்லாம் தண்ணீர், கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள். தேவநாதன் ஒரு வாரமாகப் பைக்கை முருங்கை மரத்தடியில்தான் விடுகிறான், லோடு இல்லாமல் குட்டி யானை ஷெட்டிலேயே நிற்கிறது. ஜெயப்ரியா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள்.

"அக்கா, அத்தைக்கு ராத்திரியிலேர்ந்து மூச்சு எளைக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். கொஞ்சம் தொறந்து விடுறீங்களா?"

"யாரு கேக்க சொன்னது?"

"அத்தைதான். மேல போயி கேட்டுட்டு வான்னாங்க."

இறங்கினேன். தேவநாதன் குட்டி யானையை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். அத்தை சுவரைப் பிடித்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை. அமுக்கினேன், ஷட்டர் ஏறியது. வண்டி வெளியே போய் நின்றது. அத்தை மெல்ல நடந்து வந்து பழைய பழக்கத்தில் சரியாக ஷட்டருக்கு அடியில் நின்றுவிட்டார். தெரியாமல் மூட அமுக்கிவிட்டேன். அவர் தலைக்கு மேல் இறங்க ஆரம்பித்தது நின்று, திரும்ப மேலே போனது. ஜெயப்ரியா கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப் போனாள்.

அவர்கள் போன பிறகு முழுவதும் மூடினேன். ஷெட்டில் என் ஸ்கூட்டி மட்டும் நிற்கிறது. சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.