அந்தக் கிருமியின் இரும்பைப் பூட்டுவேன்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. உன்னைக் கொன்றதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தந்த பரிசோதனைத் தாளைப் பார்த்து அதை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: சூடோமோனாஸ்.

கஞ்சி வடிக்கும்போது உன் காலில் கொட்டியது. புண்ணில் கட்டிய துணி சில நாளில் பச்சையானது. ராஜபாளையம் கம்பெனியில் பேண்டேஜ் துணி மடித்தே என்னை வளர்த்தவள் நீ. அதைப் பார்த்துச் சிரித்தாய். "ஏட்டி, இது எந்தக் கம்பெனித் துணிட்டி? சாயம் போவுது பாரு!" நானும் சேர்ந்து சிரித்தேன். அது சாயமில்லை அம்மா, அந்தக் கிருமி கக்கிய நிறம். உனக்கு அப்போதே வலித்ததா? ஏன் சொல்லவில்லை? நம்மைச் சிரிக்க வைத்து உன்னைக் கொன்றதே, அதற்காகவே அதை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் போனில்தான் அதைப் பற்றிப் படித்தேன். இரும்பு கிடைக்காவிட்டால் அதனால் பெருக முடியாதாம். பட்டினி போட்டே கொல்வது என்று அன்றே முடிவு செய்தேன். என்னிடம் வந்தால் அதற்கு ஒரு துளி இரும்பும் கிடைக்கக் கூடாது. பள்ளியில் வாரா வாரம் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, பிறகு ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்தேன். முருங்கைக்கீரையைத் தொடவே இல்லை.

போன வாரம் வாரிசுச் சான்றிதழுக்காக அப்பாவுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுந்துவிட்டேன். தண்ணீர் தெளித்து உட்கார வைத்த பிறகு, விண்ணப்பம் நிரப்பப் பேனா தேடிய அப்பா என் பையிலிருந்த ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தார்.

"என்ன தாயி இது, அம்புட்டும் மாத்திரையா இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பாக்ஸை மூடி என் கையில் கொடுத்தார்.

"கிருமி எங்கயோ நல்லாத்தான் இருக்கு. பட்டினி கெடந்தது நீதான்."

பக்கத்தில் நின்ற ஓர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்தேன். அப்பா சொன்னது சரிதான். அந்தக் கிருமி இரும்பைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. இருபத்துநான்கு புரதத் துண்டுகள் சேர்ந்து, உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு பந்தாகின்றன. கிடைத்த இரும்பைத் துரு போலாக்கி அதற்குள் குவித்துக்கொள்கிறது. தேவைப்படும்போது ஒரு சின்னப் புரதம் வந்து பந்தின் மேல் ஒட்டும். அப்போதுதான் இரும்பு வெளியே வரும். அது ஒட்டும் இடத்தை அடைத்துவிட்டால்? இரும்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எனக்கு அப்படியொரு சந்தோஷம், அம்மா!

ஆனால் அந்தத் திருட்டுக் கிருமியிடம் இரண்டு வகைத் துண்டுகள் இருக்கின்றன. ஒரே பந்தில் இரண்டும் கலந்தும் இருக்குமாம். ஒரு வகைத் துண்டுகள் இரண்டு சேரும் இடத்தில்தான் அந்தச் சின்னப் புரதம் ஒட்டும். மற்ற வகையில் அப்படி ஓர் இடமே இல்லை. ஏன் இப்படிக் கலந்து கட்டுகிறது? எது எத்தனை என்று எதை வைத்து முடிவு செய்கிறது? இது தெரியாமல் நான் செய்யும் பூட்டு சரியாகப் பொருந்துமா?

பிளஸ் ஒன்னில் பயாலஜிதான் எடுப்பேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பழி வாங்கவா படிக்கப் போற?"

"ஆமாப்பா."

"அப்ப மொதல்ல மாத்திரையப் போடு. கிறுகிறுன்னு வந்தா எவளும் பழி வாங்க முடியாது."

சோறு சாப்பிட்டு, அவர் முன்னாலேயே ஒன்றை விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டார்.

அம்மா, இனி நான் நன்றாகச் சாப்பிடுவேன், நன்றாகத் தூங்குவேன். இந்தப் பழிக்குப் பல வருஷம் ஆகும். இரண்டு வகைத் துண்டுகளையும் உன் முகம் போல மனப்பாடமாகத் தெரிந்துகொள்வேன். பிறகு அந்தப் பந்தைப் பூட்டுவேன். வயிறு நிறைய இரும்பை வைத்துக்கொண்டே அந்தக் கிருமி பசியில் சாக வேண்டும். இது உன் மேல் சத்தியம்.

எதையும் பாதியில் விடாத
உன் ஒரே மகள்,
கௌசல்யா