மாலை போட்ட பாவாயி

நவம்பர் 2, சனி

விட்டு விட்டு மழை. அடிவாரம் தாண்டியதுமே ஸ்வெட்டர். நான் மட்டும் வந்தேன். அம்மாவுக்கு 11ஆம் தேதி ஆபரேஷன், வயிற்றில் கட்டி. அதற்குள் எழுத்தாளர் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். படி அதிகமா, பாத்ரூம் உண்டா, பார்த்து வரச் சொன்னாள்.

அந்த எஸ்டேட் பங்களா இப்போது அவருடைய நினைவு இல்லம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அங்கேதான் வாசல் பெருக்கினாள். "என்னைய வெச்சு ஒரு கத எழுதுனாராமா" என்று பெருமை வேறு. படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கதையில் அந்தப் பெண் கிணற்றில் விழுந்து சாகிறாள். பாவாயி என்ற பெயரைக்கூட மாற்றவில்லை மனுஷன்.

பார்த்தவை: மூக்குக்கண்ணாடி, பேனா, கம்பளிக் குல்லா, உட்காரக் கூடாத நாற்காலி. பின்னறையில் அம்மா. பதினாறு வயதிருக்கும், கையில் விளக்குமாறு, எழுத்தாளர் எடுத்த போட்டோ. அதற்குச் செவ்வந்தி மாலை! கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம். கீழே புதுப் பாவாடை, வளையல், சீப்பு. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னி தெய்வமாகக் கும்பிடுவார்களே, அதே படையல். 

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா: "கெணத்துல உழுந்து செத்த புள்ளைங்க. வெள்ளிக்கெழமையானா எஸ்டேட் ஆளுங்க பூராம் வருவாங்க. நொம்ப சக்திங்க. கெணத்தக்கூட மூடிப்போட்டாங்க."

"அது எங்கம்மாங்க. உயிரோட இருக்காங்க. காலையில மூணு இட்லி சாப்பிட்டாங்க."

"ஏனுங்க, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. பொஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்களே!"

மாலையைக் கழற்றச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நானே கழற்றப் போனேன். கை வரவில்லை. சொந்த அம்மாவின் படம், ஆனாலும் பயம்.

நவம்பர் 3, ஞாயிறு

"அந்த வீடு பூட்டிக் கிடக்குது" என்றேன். மசாலா அரைத்துக்கொண்டே அம்மா: "என்ன கண்ணு மறைக்கற?" ஆபரேஷனுக்குப் போகிறவள் தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்க்கலாமா? இந்த மழையில் மலை ஏறக் கூடாது என்று கத்தினேன். குழம்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

அம்மா ஜெயித்தாள். போனோம். பனி, எதிரே வரும் பஸ் தெரியவில்லை.

பின்னறை வாசலில் மறித்து நின்றேன். என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். படத்துக்குக் கிட்டே போய் நின்றாள். பிறகு, "நல்லாத்தான் இருந்திருக்கறேன்." அவ்வளவுதான்.

செம்மநத்தம் ஊரிலிருந்து ஓர் அம்மா, கூடவே மாசமாக இருக்கும் மகள். இரண்டு முறை கலைந்துவிட்டதாம். வளையலை வைத்துவிட்டு அந்தத் தாய் என் அம்மாவிடம் கேட்டாள்: "ஏனுங்க, நீங்க பழைய ஆளாட்டத் தெரியறீங்க. இந்தப் புள்ளயப் பாத்திருக்கீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள். "பாத்திருக்கறனுங்க. நல்ல புள்ள. கேட்டாக் குடுக்கும்."

தட்டிலிருந்து திருநீறு எடுத்து அந்தப் பெண்ணுக்குப் பூசிவிட்டாள். "நல்லபடியாப் பொறக்கும் சாமி." சரோஜா போட்டோவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. 

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. திரும்பித் திரும்பி மலையைப் பார்த்தாள், எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி.

நவம்பர் 11, திங்கள்

ஆஸ்பத்திரி. பளீரென்று வெயில். போர்வை, பிளாஸ்க், ஸ்கேன் படம், எல்லாம் எடுத்தாயிற்று. சீப்பு மறந்துபோச்சு.

நர்ஸ் வாசலில் நின்று, "பாவாயி யாருங்க?" அம்மா எழுந்திருக்கவில்லை.

"அம்மா, உன்னைத்தான்."

என் காதைப் பக்கத்தில் இழுத்தாள். "பயமா இருக்குது கண்ணு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா பாவாயிதான் அங்கயே செத்தாச்சில்ல? செத்தவ இன்னொருக்கா சாவாளா?"

நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவ மாட்டாம்மா. பொஸ்தகத்துலயே போட்டிருக்குதே" என்றேன்.

எழுந்து உள்ளே போனாள்.