அடுப்படி ஆந்தை

12-1-1992, ஞாயிறு. செண்பகத்தோப்பு முகாம்.

மூன்று நாளாக அடுப்படிக்குப் பின்னால் நின்று ஆந்தை மாதிரி அலறியது சமையல்காரனான நான்தான். பறவை பார்க்க வந்த சார் அதை ‘ஆந்தை ஜோடி’ என்று நோட்டில் எழுதும்போதெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தேன். இன்று பொழுது சாய, அந்த ஆந்தையைத் தேடி அவர் ஓடைப்பக்கம் போய்விட்டார்.

காட்டைக் காவல் காக்கும் வாட்சர் ஓடி வந்தார். "ஏலே, ஓடையில ஆனை நிக்குது. சாரைக் கூப்பிட்டுறாத, மனுசச் சத்தம் கேட்டா மெரண்டுரும்."

அடுப்படிக்குப் பின்னால் ஓடினேன். ஆந்தைச் சத்தம் யானைக்குப் பழக்கம்தானே? தொண்டை வறள அலறிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சார் புதரைவிட்டு வந்தார். வாயில் கை குவித்து நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தான் சார். இன்னைக்கு ஜோடி வரல."

ஆந்தையைப் பற்றி எழுதிய நோட்டுத் தாளைக் கிழித்து அடுப்பைப் பார்த்து எறிந்தார். அது அடுப்பில் கொதித்த ரசத்தில் விழுந்தது. தாளை எடுத்துப் போட்டுவிட்டு ரசத்தைப் பரிமாறினேன்.