தேசிமரத்து அடிமண்

ஜனவரி 16
கிணற்றடி வரிசையில் மூன்றாவது தேசிமரமும் மஞ்சளாகிவிட்டது. அப்பா ஓர் இலையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருதனார்மடத்துப் பயிர் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்தவுடனே சொல்லிவிட்டாராம்: "உது கிறீனிங் நோய். மருந்தில்லை. முழு மரத்தையும் தறிச்சு எரிச்சுவிடுங்கோ."

படையினர் பிடித்திருந்த காணி எங்களிடம் திரும்பி வந்த அடுத்த மாரியில் அப்பா நட்ட மரங்கள். சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். "பூசம் முடியட்டும், தறிப்பம்."

ஓர் இலையை மட்டும் பார்த்து எப்படிச் சொல்லலாம்?

ஜனவரி 18
நூலகத்தில் எலுமிச்சை நோய்ப் புத்தகம் ஒன்றில் கிறீனிங் படங்களைப் பார்த்தேன். அந்த நோயில் இலையின் இரு பாதிகளும் ஒன்றுபோல மஞ்சளாவதில்லை, திட்டுத்திட்டாக மாறும். எங்கள் இலைகளில் நடு நரம்பு வழியே மஞ்சள், இரு பக்கமும் ஒரே மாதிரி. அந்த நோயைக் காவிப் பரப்பும் சிறுபூச்சி ஒன்றும் அகப்படவில்லை. கன்கர் நோய் என்றால் சொரசொரத்த புள்ளிகள் வேண்டும். அதுவும் இல்லை.

குந்தியிருந்து அடிமரத்தைப் பார்க்க முயன்றேன். தெரியவில்லை. மாரிக்கு முன் அப்பா பசளையாகப் போட்ட பூவரசின் இலைக்குழையும் எருவும் மண்ணும் முழங்கால் உயரத்துக்கு மரத்தோடு அணைந்து கிடந்தன. கையால் விலக்கினேன். பட்டை கறுத்து, பிசின் வடிந்திருந்தது. நகத்தால் சுரண்டக் கழன்று வந்தது. புளித்த மணம்.

கஜீபன் அண்ணை கண்டுவிட்டார். "எடி விஞ்ஞானி, புதையலே தோண்டுறாய்?"

ஜனவரி 20
உயிரியல் பிரகலாதன் சேரிடம் பட்டைத் துண்டைக் காட்டி, அடியழுகலாக இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாம் எண்டது விடையில்லை, பிள்ளை. நோயாக்கியைக் கொண்டுவந்து காட்டும்."

காட்டுவேன். புத்தகத்தில் முறை இருக்கிறது. நோய்பட்ட மரத்தடி மண்ணில் தண்ணீர் விட்டு, நல்ல தேசியிலைத் துண்டுகளை மிதக்கவிட வேண்டும். நோயாக்கி உயிரோடு இருந்தால் இலையில் வந்து பற்றும்.

ஜனவரி 21
இரண்டு யோகட் கோப்பைகள். ஒன்றில் நோய்மண், மற்றதில் ஒப்பிடுவதற்கு வேலியோரத்து மண்.

ஜனவரி 26
ஒன்றுமில்லை. இரண்டிலும் இலைகள் பச்சை.

"கோப்பையைக் கழுவித் தா, தயிர் போட," என்கிறார் அண்ணை.

எனக்கு அழுகைதான் வந்தது. கடைக்காரர்தான் சரியோ?

ஜனவரி 27
நான் ஒரு விசரி! மாரி வெள்ளத்துக்குப் பிறகு ஊரெல்லாம் கிணத்துக்குக் குளோரின் போட்டது. அம்மாவும் போன கிழமை போட்டவ. கோப்பையிலை நான் விட்டதும் அந்தத் தண்ணிதான், அதிலை எந்தக் கிருமி உயிரோடை இருக்கும்?

விடிய மழை தூறியது. கூரைப் பீலியின் கீழ் வாளி வைத்துப் பிடித்தேன். புது மண், புது இலை. முதலில் இருந்து.

பெப்ரவரி 1
நோய்மண் கோப்பையில் இலை விளிம்புகள் பழுப்பு!! வேலிமண் கோப்பையில் பச்சை.

பெப்ரவரி 3
பழுப்பு விளிம்பில் ஒரு துணுக்கை வெட்டி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். வகுப்புத் தோழி உதயகலாதான் முதலில் கத்தினாள்: "எடியே, தேசிக்காயெல்லே!"

உண்மைதான். நுனியில் சிறு முளையோடு குட்டிக் குட்டித் தேசிக்காய்கள்: கிருமியின் வித்திக்கலன்கள். தேசிமரத்தைக் கொல்வதற்குத் தேசிக்காயின் வடிவமா?

சேர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "பைற்றொப்தோரா. எந்த இனமெண்டு எங்கடை நுணுக்குக்காட்டி சொல்லாது. ஆனால் நீர் சொன்ன அடியழுகல்தான்."

இந்தக் கிருமி ஈரத்தில் நீந்தி வந்து பட்டையில் ஏறுவது. மண்ணை விலக்கி அடியைக் காயவிட்டால் மற்ற மரங்கள் தப்பும். ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? வெங்காயத் தோட்டத் தறைக்குப் போடுவது போலக் குழையைக் குவித்து, ஆசையோடு அணைத்தது அப்பா அல்லவா.

பெப்ரவரி 6
இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 9
அப்பா கோடரி தீட்டினார். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தறிக்காதேங்கோ, அப்பா. அடியிலை குழையை அணைச்சதாலை ஈரம் நிண்டு கிருமி ஏறியிருக்கு."

அவர் கை நின்றது. "அப்ப நான்தான் சாக்காட்டினனான் எண்டுறாய்?"

"இல்லையப்பா. குழை நல்லது. போட்ட இடம்தான்—"

"பிள்ளை சொல்லுறதை ஒருக்கால் கேளுங்கோவன்," என்றார் அம்மா. அப்பா எழுந்து போய்விட்டார்.

பெப்ரவரி 11
பூசம். புதுநெல்லுச் சோறு. பின்னேரம் கிணற்றடியில் சத்தம் கேட்டது. ஓடினேன்.

மண்வெட்டி. கோடரி இல்லை, மண்வெட்டி!

அண்ணையும் நானும் குழை அள்ளினோம். அழுகிய பட்டையைச் சீவிவிட்டு மருந்துப் பசை பூச வேண்டும்.

மார்ச் 15
முதலில் மஞ்சளான மரம் பிழைக்கவில்லை. பட்டை சுற்றிவர அழுகியிருந்தது. அப்பாவே தறித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஓகஸ்ட் 30
மற்ற மரங்கள் பூத்திருக்கின்றன.

இன்று அப்பா குழை கட்டிக்கொண்டு வந்தார். மறுபடியும் அடியில் குவிக்கப் போகிறாரோ என்று ஓடினேன். ஆனால் மரத்தை விட்டுத் தள்ளி, சுற்றிவரக் கிடங்கு வெட்டினார். வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, உவ்வளவு தூரம் காணுமோ?"

நான் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். "இன்னும் ஒரு சாண் தள்ளுங்கோ, அப்பா."

மண்வெட்டியை மறுபடி எடுத்தார்.